நின்றுபோன லாரியும் கார்புரேட்டரும்

“பௌதிகம் படிக்கிறவனுக்கு லாரிப் பட்டறையில் என்ன வேலை?” என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் ஜி.டி. கர்னால் சாலையில் பஸ் ஏறி, சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர்ப் பக்கம் போய், மாலையில் கையெல்லாம் கரியும் கிரீசுமாகத் திரும்பி வருகிறவனைக் கண்டால் யார்தாம் கேலி செய்யமாட்டார்கள்! அக்கேலிக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுத முன்வந்தேன். வகுப்பில் பெர்னூலியின் தேற்றத்தைக் கரும்பலகையில் கண்டபோது எனக்கு விளங்காத ஒன்று, ஒரு பழைய லாரியின் பானெட்டைத் திறந்தபோது விளங்கிற்று. அதை நம் மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

பட்டறைக்காரர் சங்ககிரிப் பக்கத்தவர். லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர் சங்ககிரி என்பதைச் சேலம், நாமக்கல் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த ஆண்டில், லாரியோடு தில்லி வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். தில்லி வழக்கப்படி எல்லோரும் அவரை ‘மிஸ்திரிஜி’ என்பார்கள். நான் ‘பெரியப்பா’ என்பேன். அவருடைய தகப்பனார் யுத்த காலத்தில் கரி வாயு பஸ்ஸில் கிளீனராக இருந்து, விடியற்காலையில் அடுப்பை மூட்டி விசிறியைச் சுற்றியவராம். பெட்ரோல் பஞ்சம் தலைவிரித்தாடிய அந்நாட்களில் மதுரை டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ்களுக்கென்று கரி வாயு அடுப்பு ஒன்றை வடிவமைத்துச் செய்வித்தார் என்பது நம் மோட்டார்த் தொழில் வரலாற்றில் ஒரு சுவையான செய்தி. பெட்ரோல் இல்லாமலும் பெட்ரோல் என்ஜினை ஓட்டலாம். எரியக்கூடிய வாயுவும் காற்றும் சரியான அளவில் கலந்தால் போதும் என்பதை அந்தப் பஸ்கள் ஊருக்கு ஊர் மெய்ப்பித்துக் காட்டின. பெரியப்பாவின் வித்தையும் அங்கிருந்து வந்ததுதான்.

அவ்வித்தை முழுவதும் அவர் காதில் இருந்தது. வண்டி வாசலில் வந்து நிற்கும்போதே, “மூணாவது பிளக் சரியில்லை” என்று சொல்லிவிடுவாராம். ‘இருந்தது’ என்று இறந்தகாலத்தில் எழுதுகிறேன். ஏனெனில் ஐந்தாறு ஆண்டுகளாக அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. ஐம்பது வருஷம் என்ஜின் பக்கத்தில் நின்றதன் கூலி அது. உடனிருந்து கற்றுக்கொள்ளப் பையன்களும் இல்லை. கார்புரேட்டர் வேலை இன்று யாருக்கு வேண்டும்? நாட்டில் லாரிகள் டீசலுக்கு மாறி ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. 1954-இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனம் மெர்ஸிடிஸ்-பென்ஸ் டீசல் லாரிகளை உற்பத்தி செய்யத் தொடங்கியதிலிருந்தே பெட்ரோல் லாரியின் காலம் சரியத் தொடங்கிற்று எனலாம். அதற்கு முன் செவர்லே, ஃபோர்டு, பம்பாய் குர்லாவில் செய்த டாட்ஜ், ஃபார்கோ என்று சாலையெங்கும் பெட்ரோல் லாரிகளே.

இராணுவத்தில் மட்டும் பெட்ரோல் வண்டிகள் நெடுநாள் தங்கின. ஜபல்பூர்த் தொழிற்சாலையில் உருவான நிஸான் ஒரு டன் லாரி அவ்வகையைச் சேர்ந்தது: ஆறு சிலிண்டர், 3,956 கன சென்டிமீட்டர், பெட்ரோல், கார்புரேட்டர். அத்தகைய லாரி ஒன்று, இராணுவ ஏலத்தில் பல கை மாறி, பழைய வண்டிகளைச் சேர்த்து வைக்கும் ஒருவரிடம் வந்து, அவரிடமிருந்து எங்கள் பட்டறைக்கு வந்தது. அதுதான் எனக்கு ஆசிரியர்.

நோய் இதுதான்: காலையில் கிளம்பும். பட்டறைக்குப் பின்னாலுள்ள காலி மைதானத்தில் இருபது நிமிஷம் நன்றாகச் சுற்றும். பிறகு திக்கித் திணறி நின்றுவிடும். கால்மணி நேரம் பொறுத்தால், ஒன்றுமே நடவாததுபோல் மறுபடி கிளம்பும். அதைப் பார்த்த மெக்கானிக்குகள் எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னது, ‘கார்புரேட்டர் மே கச்ரா’. தில்லியில் எந்த வண்டி நின்றாலும் இதுவே முதல் தீர்ப்பு. மூன்று பேர் மூன்று முறை அக்கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியிருந்தார்கள். அதன் பித்தளைத் திருகுகளின் தலையெல்லாம் தேய்ந்து மொழுக்கையாகிவிட்டது.

குற்றம் சாட்டப்பட்டவர் இன்னார் என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் ஏறத்தாழ பதினைந்து பங்கு காற்று வேண்டும். கணக்காகச் சொன்னால் 14.7 பங்கு. கன அளவில் பார்த்தால் வியப்பாக இருக்கும்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஒன்பதாயிரம் லிட்டர் காற்று தேவை. நம் விடுதி அறை ஒன்றில் அடங்கிய காற்று மூன்று, நான்கு லிட்டர் பெட்ரோலுக்குத்தான் காணும்! பெட்ரோல் சற்று மிகுந்து பன்னிரண்டரைக்கு ஒன்று என்று வந்தால் என்ஜின் மிகுந்த பலம் காட்டும். பதினாறுக்கு ஒன்று என்றால் சிக்கனம். இந்த எல்லைக்கு வெகுவாக மேலே போனாலும் கீழே போனாலும் எரிதல் கெடும். மெதுவாக ஓடினாலும், மேடு ஏறினாலும், டிரைவர் திடீரென்று ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும், இந்த விகிதத்தை எவ்விதக் கணிப்பொறியும் மின்சாரமும் இன்றிக் காப்பாற்ற வேண்டும். அதைச் செய்யும் பித்தளை, துத்தநாகப் பாத்திரமே கார்புரேட்டர்.

பழைய வீடுகளில் மூட்டைப்பூச்சி மருந்தடிக்கும் ‘பிளிட்’ பம்பு ஒன்று உண்டு. குழாயின் வாயருகே காற்று வேகமாகச் சென்றால், கீழே டப்பாவிலுள்ள மருந்து தானே மேலேறிப் புகைபோலச் சிதறும். கார்புரேட்டரும் அதுவே. என்ஜின் காற்றை உறிஞ்சுகிறது. அக்காற்று இடுப்புச் சிறுத்த ஒரு குழாய் வழியே செல்கிறது. சிறுத்த இடத்தில் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. பெர்னூலி 1738-இல் எழுதியது இதைத்தான். இத்தாலிய அறிஞர் வெஞ்சுரியின் பெயரால் அக்குழாய் வழங்குகிறது. அழுத்தம் குறைந்த அவ்விடத்தில் ஒரு சிறு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கிண்ணத்திலுள்ள பெட்ரோலின்மேல் வெளிக்காற்றின் அழுத்தம் முழுதாக இருப்பதால், அது பெட்ரோலை மூக்கு வழியே தள்ளித் தெளிக்கிறது. 1893-இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மைபாஹ் செய்த தெளிப்புக் கார்புரேட்டர் இவ்வகைக்கு முன்னோடி.

இதில் ஓர் அழகைக் கவனியுங்கள். காற்றின் ஓட்டமும் பெட்ரோலின் ஓட்டமும் ஒரே அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தவை. ஆகவே காற்று இருமடங்கானால் பெட்ரோலும் ஏறக்குறைய இருமடங்காகும், விகிதம் மாறாது. யாரும் அளந்து ஊற்ற வேண்டியதில்லை. இதைத்தான் நான் கரும்பலகையில் பார்த்தும் காணாமல் போனேன்.

‘ஏறக்குறைய’ என்று சொன்னேன் அல்லவா? அச்சொல்லில்தான் மற்ற உறுப்புகளெல்லாம் அடங்கியிருக்கின்றன. என்ஜின் மெதுவாக ஓடும்போது வெஞ்சுரியில் காற்றின் வேகம் போதாது, பெட்ரோல் மேலேறாது, ஆகவே திராட்டில் தகட்டின் ஓரத்தில் மெதுவோட்டத்திற்கென்று தனித் துளை. வேகம் மிகும்போது பெட்ரோல் அளவுக்கு மிஞ்சும். அதைத் தணிக்க மூக்குக்குள்ளேயே சிறிது காற்றைப் புகவிடும் ஜெட். டிரைவர் திடீரென மிதித்தால் காற்று உடனே பாய்ந்துவிடும், கனமான பெட்ரோல் பின்தங்கும். அந்நொடிக்கு ஒரு வாய்ப் பெட்ரோலைப் பீய்ச்சிவிடச் சிறு பம்பு. தில்லியின் ஜனவரிக் காலைக் குளிரில் பெட்ரோல் பாதிகூட ஆவியாகாது. குழாய்ச் சுவரில் திரவமாகவே ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுசெய்யக் காற்றின் வழியை மறித்துப் பெட்ரோலை மிகுதியாக இழுக்கும் ‘சோக்’. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஒரே உயரத்தில் நிற்க, மாடித் தண்ணீர்த் தொட்டியில் இருப்பது போன்ற மிதவையும் ஊசி வால்வும். இவ்வளவுதான் கார்புரேட்டர். அசையும் உறுப்புகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. எளிதில் கெடாத பொருள் இது. ஆயினும் பழி முழுவதும் இதன்மேல்தான் விழுகிறது.

“வண்டி நின்னா மொதல்ல கார்புரேட்டரத் தொடாதே கண்ணு. அது வாயில்லாத பூச்சி, அடி வாங்கறதுக்குன்னே இருக்குது” என்பார் பெரியப்பா. அவர் சொல்லும் வரிசை வேறு. முதலில் அமுக்கம்: ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை இறுக்கிப் பிடிக்கிறதா? இரண்டாவது கரண்டு: சரியான வேளையில் பொறி விழுகிறதா? மூன்றாவது பெட்ரோல்: கிண்ணம்வரை வருகிறதா? இம்மூன்றும் சரியென்று கண்ணால் கண்ட பின்னரே கார்புரேட்டருக்குள் ஸ்குரூ டிரைவரை நுழைக்கலாம். அமுக்கம் குறைந்த என்ஜினை எந்தக் கார்புரேட்டராலும் சரிப்படுத்த முடியாது. பொறி பிந்தி விழும் என்ஜின் பெட்ரோல் போதாததுபோலவே நடிக்கும்.

பொறியின் வேளை எவ்வளவு நுட்பமானது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். என்ஜின் நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது என்று கொள்வோம். ஆயிரத்தில் ஒரு வினாடிக்குள் அச்சு ஒன்பது டிகிரி திரும்பிவிடும். கலவை எரிந்து முடிய இரண்டு மூன்று மில்லி வினாடி ஆகும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னரே தீ வைத்தாக வேண்டும். வேகம் கூடக்கூட இன்னும் முன்னதாக. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் சிறு எடைகள் இந்த முன்னேற்பாட்டைச் செய்கின்றன. கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பும் பழைய லாரிகளில் பொறி அளவுக்கு மீறி முந்தினால் கைப்பிடி திருப்பி அடிக்கும். அதனால்தான் பழைய டிரைவர்கள் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமே வைத்துக் கைப்பிடியைக் கீழிருந்து மேலே இழுப்பார்கள். அப்படிச் செய்யாத கட்டைவிரல்களின் கதைகளைப் பட்டறையில் நிறையக் கேட்கலாம்.

டிஸ்ட்ரிபியூட்டரில் பார்க்க வேண்டியவை பாயிண்டும் கண்டென்சரும். பாயிண்டின் இடைவெளி பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். சரியான அளவை அவ்வண்டியின் கையேட்டில் பார்த்து, தகட்டு அளவியை வைத்துச் சரிசெய்ய வேண்டும். பாயிண்ட் முகம் கருகிக் குழிவிழுந்திருந்தால், அதைத் தேய்த்துவிட்டு மூடாதீர்கள், கண்டென்சர் கெட்டிருக்கக்கூடும். ஆறு சிலிண்டர் வரிசை என்ஜின்களில் பெரும்பாலும் 1-5-3-6-2-4 என்ற ஒழுங்கில் பொறி விழும். இரண்டு வயர்களை மாற்றிச் செருகிவிட்டு இரண்டு நாள் கார்புரேட்டரைக் கழுவியவர்களை நான் அறிவேன். (அவர்களுள் நானும் ஒருவன்.)

இனி லாரிக்கு வருவோம். பெரியப்பாவின் வரிசை தெரிந்திருந்தும், முதல் ஞாயிறு நான் அதைப் பின்பற்றவில்லை. ஆர்வக் கோளாறு! ஒரே பகலில் கார்புரேட்டரைக் கழுவினேன், பாயிண்டை மாற்றினேன், பெட்ரோல் பம்புக்குப் புது டயாஃப்ரம் போட்டேன். அன்று லாரி ஒரு மணிநேரம் நிற்காமல் ஓடிற்று. வெற்றி முரசு கொட்டிக்கொண்டு விடுதி திரும்பினேன். அடுத்த ஞாயிறு, இருபத்தைந்தாவது நிமிஷத்தில் அது பழையபடி நின்றது. “மூணு வேலை ஒண்ணாச் செஞ்சியே, எதனால ஓடுச்சு, எதனால நின்னுச்சு, சொல்லு பாக்கலாம்” என்றார் பெரியப்பா. என்னால் சொல்ல முடியவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று இளநிலை மாணவர்களுக்குச் சொல்கிறவன் நான்!

மூன்றாம் ஞாயிறு முறையாகத் தொடங்கினோம். ஓடிச் சூடாகி நின்று, ஓய்வுக்குப்பின் கிளம்பும் நோய்க்குப் பொதுவாக மூன்று காரணங்களைச் சொல்வார்கள். ஒன்று, இக்னிஷன் காயில் சூடேறி உள்ளே அறுபடுதல். இரண்டு, குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவியடைப்பு உண்டாதல். வேப்பர் லாக் என்பது இதுவே. மூன்று, பெட்ரோல் டாங்க் மூடியின் காற்றுத்துளை அடைபடுதல். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று புகாமல் வெற்றிடம் பிடித்து இழுக்கும். மூன்றுக்கும் அறிகுறி ஒன்றே. ஆனால் வண்டி நின்ற அந்த நிமிஷத்திலேயே பார்த்தால் மூன்றையும் பிரித்துவிடலாம். ஆறிய பின் பார்த்துப் பயனில்லை. மூன்று மெக்கானிக்குகளும் தவறியது இவ்விடத்தில்தான். அவர்கள் வருவதற்குள் வண்டி ஆறிவிட்டிருந்தது.

லாரி நின்றது. ஓடிப்போய் ஒரு பிளக் வயரைக் கழற்றி, உதிரிப் பிளக்கொன்றை மாட்டி, கார்புரேட்டரிலிருந்து எட்டத்தில் என்ஜின் உடம்பில் ஒட்டவைத்துச் சுற்றினோம். நீலப்பொறி ‘பட் பட்’ என்று விழுந்தது. காயில் நிரபராதி. ஏர் கிளீனரை எடுத்துவிட்டுக் கார்புரேட்டரின் தொண்டையைப் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை அழுத்தினோம். பீய்ச்சும் பம்பிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை, கிண்ணம் காலி. ஆகவே பெட்ரோல்தான் வரவில்லை. டாங்க் மூடியைத் திறந்தோம். ‘உஸ்’ என்று காற்று உறிஞ்சும் ஒலி இல்லை. மூடியும் நிரபராதி. மிஞ்சியது ஆவியடைப்பு. மே மாதத்து வெயிலில் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றி ஓட்டும் டிரைவர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்ததோ ஜனவரி மாதம். மூச்சு விட்டால் புகை வரும் குளிர். பம்பைத் தொட்டால் கைபொறுக்கும் சூடுதான். ஆவியடைப்பு என்பதை மனம் ஒப்பவில்லை.

அப்போதுதான் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். எட்டு முறை நின்றதில் எட்டு முறையும், வேகம் கொடுத்து ஓட்டியபோதே நின்றிருக்கிறது. நிறுத்தி வைத்து மெதுவாக ஓடவிட்ட நாட்களில் ஒருபோதும் நிற்கவில்லை. நான் வெற்றி முரசு கொட்டிய அந்த ஒரு மணிநேரமும் அப்படி மெதுவாக ஓடியதுதான்! சூட்டைவிட ஓட்டத்தின் அளவோடுதான் நோய்க்கு உறவு அதிகம் என்று தெரிந்துபோயிற்று. மிகுதியாகக் கேட்டால் மறுக்கிறது. குறைவாகக் கேட்டால் கொடுக்கிறது.

சட்டத்தோடு செல்லும் இரும்புக் குழாய்க்கும் பம்புக்கும் இடையில் ஒரு சாண் நீள ரப்பர்க் குழாய் இருந்தது. வெளியே பார்க்க மழமழவென்று புத்தம் புதிது போலிருக்கும். அதைக் கழற்றி ஊதினால் காற்று தாராளமாகப் போயிற்று. மறுமுனையில் ஒரு பெரிய மருந்து ஊசிக்குழலை மாட்டி உறிஞ்சிப் பார்த்தோம், நின்றுவிட்டது! நீளவாக்கில் கத்தியால் கிழித்தபோது கதை வெளியாயிற்று. உட்பக்கத்து ரப்பர் ஊறி, உப்பி, தோலுரிந்து, ஒரு நாக்குப்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. உறிஞ்சும் வேகம் மிகுந்தால் நாக்கு மடங்கிக் குழாயை அடைக்கும். சூட்டில் ரப்பர் இளகினால் இன்னும் எளிதாக மடங்கும். ஓய்வு கொடுத்தால் பழைய இடத்துக்குப் போய்விடும். கார்புரேட்டரை மூன்று முறை கழுவியும் பயனில்லாதது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

அந்த ரப்பர் ஊறியதற்கும் ஒரு காரணம் உண்டு. இன்று நம் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எதனால் என்னும் சாராயம் கலந்திருக்கிறது. நூற்றுக்கு இருபது பங்கு கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் வகைகளுள் சில எதனாலில் ஊறி உப்பும். எதனால் தண்ணீரையும் ஈர்க்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்க் அடியில் தண்ணீர் சேர்ந்து துருப்பிடிக்கும். எனவே பழைய வண்டி வைத்திருப்போர் குழாய்கள், டயாஃப்ரம், ஊசி வால்வின் நுனி ஆகியவற்றை எதனால் தாங்கும் ரப்பரில் மாற்றுவது நல்லது. காஷ்மீர் கேட் கடைகளில் கேட்டு வாங்கலாம். ஆனால் பத்து ரூபாய் மலிவுக்காகத் தண்ணீர்க் குழாயை வாங்கிவிடாதீர்கள்.

குழாய் மாற்றியதும் லாரி நிற்கவில்லை. ஆனாலும் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் தயங்கிற்று. சில சமயம் கார்புரேட்டர் வழியே ‘டப்’பென்று தும்மிற்று. பிளக்கைக் கழற்றினால் வெளிறிய வெள்ளை. கலவை நல்லதாயிருந்தால் பிளக்கின் பீங்கான் லேசான காபித்தூள் நிறம் காட்டும். கரும்புகை படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் ரிங் அல்லது வால்வு தேய்ந்தது. வெள்ளையானால் காற்று மிகுதி. (ஈயம் சேராத இன்றைய பெட்ரோலில் எல்லா நிறமும் ஒரு படி வெளுத்தே தெரியும்.)

காற்று மிகக் காரணம் என்ன? எதனாலின் மூலக்கூறிலேயே பிராணவாயு இருக்கிறது. ஆகவே அதை எரிக்கக் குறைந்த காற்றே போதும். எடையில் ஒன்பது பங்கு. இருபது சதவீதக் கலவைக்குக் கணக்கிட்டால் 13.5 பங்கு வரும். சுத்தப் பெட்ரோலுக்கென்று துளையிட்ட ஜெட் 14.7 என்ற கணக்கிலேயே ஊற்றிக்கொண்டிருந்தால், ஏறத்தாழ எட்டு சதவீதம் பற்றாக்குறை. நவீன வண்டிகளில் புகைக்குழாயிலுள்ள உணர்கருவி இதைக் கண்டு திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த மூக்கு இல்லை. ஒரு படி பெரிய ஜெட் போட்டோம், தயக்கம் போயிற்று. ஆனால் ஜெட்டை மாற்றுமுன், இன்டேக் மேனிபோல்டின் இணைப்புகளில் எண்ணெய்க் குப்பியால் சொட்டுவிட்டுப் பார்த்துவிடுங்கள். என்ஜினின் ஓசை மாறினால் அங்கே காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது என்று பொருள். கேஸ்கெட் மாற்ற வேண்டிய இடத்தில் ஜெட் மாற்றினால் வீண்.

எதிர்த் திசைக் கணக்கு ஒன்றும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறிய பழைய பெட்ரோல் லாரிகள் மேலே போகப்போகக் கரும்புகை கக்கியது ஏன்? 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தினதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். வெஞ்சுரி காற்றின் வேகத்தை அறியுமேயன்றி எடையை அறியாது. ஆகவே பெட்ரோல் அவ்வளவாகக் குறையாமல் காற்று மட்டும் மெலிகிறது. அடர்த்தியின் வர்க்கமூலத்தை எடுத்துக் கணக்கிட்டால் பன்னிரண்டு சதவீதம் பெட்ரோல் மிகுதி. ஐயாயிரம் மீட்டரைத் தாண்டும் லடாக் கணவாய்களில் இது முப்பது சதவீதத்தை நெருங்கும்.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தில்லியில் 1998-இலும், நாடு முழுவதும் 2000-இலும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. நம் நுரையீரல்களுக்கு நல்லதே. ஆனால் அக்காலத்து மென்மையான வால்வு இருக்கைகளுக்கு ஈயம் ஒரு மெத்தைபோல் இருந்தது. அது போன பின், கனமான வேலையில் வால்வு மெல்ல மெல்ல உள்ளே அமிழ்ந்து டாப்பெட் இடைவெளி குறையும். “டாப்பெட் சத்தம் போட்டா கவலப்படாதே; சத்தம் நின்னா கவலப்படு” என்பது பெரியப்பாவின் வாக்கு. இடைவெளி முற்றும் போனால் வால்வு மூடாது, எரிந்துபோகும்.

வேறோர் எச்சரிக்கையைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். கலவையில் பெட்ரோல் மிகுந்து ஓடும் என்ஜினின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு பல சதவீதம் இருக்கும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் செம்பொருளோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் பற்றுடன் ஒட்டிக்கொள்ளும். தில்லிக் குளிருக்கு அஞ்சி ஷட்டரை இறக்கிவிட்டு என்ஜினை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் நாங்களும் பாதி இறக்கி வைத்தோம். அரைமணியில் எனக்குத் தலை கனத்தது. குளிரின் வேலை என்று நினைத்து டீ குடிக்க வெளியே போனேன். வெளியே போனதும் தெளிந்தது. டீக் கடை மட்டும் பட்டறைக்குள்ளேயே இருந்திருந்தால்! அதற்குப்பின் எவ்வளவு குளிரானாலும் ஷட்டர் மேலேதான்.

கடைசி வேலை மெதுவோட்டத் திருகு. இங்கேதான் பெரியப்பாவின் காது வேண்டியிருந்தது. திருகைச் சிறிது சிறிதாக உள்ளே திருப்பினால் என்ஜின் தளர்ந்து தடுமாறும். வெளியே திருப்பினால் குதிரைபோல் தத்தித் தத்தி ஓடும். இரண்டுக்கும் நடுவே ஓசை வழுவழுவென்று இருக்குமிடம் ஒன்றுண்டு. (சில கார்புரேட்டர்களில் இத்திருகு பெட்ரோலைக் கட்டுப்படுத்தும், சிலவற்றில் காற்றை, பின்னதில் திசை நேர்மாறு. முதலில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.) அந்த வழுவழுப்பு அவருக்குக் கேட்கவில்லை. ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜினில் வைத்துப் பிடியைத் தாடை எலும்பில் அழுத்திப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்குக் காது இருக்கிறது; ஆனால் ஐம்பது வருஷம் இல்லையே.

ஆகவே வெற்றிட மானி ஒன்று வாங்கி மேனிபோல்டில் பொருத்தினேன். நல்ல என்ஜின் மெதுவோட்டத்தில் கடல் மட்டத்தில் பாதரசக் கணக்கில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் கழித்துக்கொள்ள வேண்டும். தில்லி இருநூறு மீட்டரை ஒட்டியது. முக்கால் அங்குலம் கழியும். ஊசி அசையாமல் தாழ்ந்தே நின்றால் பொறி பிந்துகிறது அல்லது காற்று கசிகிறது. ஒழுங்கான இடைவெளியில் வெட்டி வெட்டி இறங்கினால் ஒரு வால்வு மூடவில்லை. சோம்பலாக மேலும் கீழும் மிதந்தால் மெதுவோட்டக் கலவை சரியில்லை. காதுக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணுக்கும் தெரிந்தது. பெரியப்பா முதலில் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு நான் திருகைத் திருப்ப, அவர் ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார். சிறிது நேரத்தில் என்னை விலக்கிவிட்டுத் திருகைத் தாமே எடுத்துக்கொண்டார்.

“எத்தனை?” என்றார்.

“பதினெட்டரை, பெரியப்பா!” என்று காதருகே கத்தினேன்.

அரைக்கால் சுற்று வெளியே விட்டார். ஊசி ஒரு மயிரிழை ஏறி நிலைத்தது.

பதினைந்து ஆண்டைக் கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகர வட்டாரச் சாலைகளில் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் இட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்தது. ஆகவே உரிமையாளர் அந்த லாரியை ஒரு டீசல் லாரியின் முதுகில் ஏற்றிக்கொண்டு போனார். கார்புரேட்டர் காலத்து வண்டியைக் காண விரும்பும் நண்பர்கள் சாணக்கியபுரியிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனால், 1914-இல் இங்கிலாந்தில் செய்த ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டியைப் பார்க்கலாம். நீராவி என்ஜின்களைக் காணும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

எங்கள் லாரி ஏறுமுன், பானெட்டின் உட்புறத்தில் வெள்ளைப் பெயின்டால் சில விவரங்களை எழுதச் சொன்னார் பெரியப்பா: பாயிண்ட் இடைவெளி, பிளக் இடைவெளி, ஜெட் எண், ஊசி நின்ற இடம், தேதி. தமிழில் எழுதவா, இந்தியில் எழுதவா என்று கேட்டேன்.

“இன்னொருத்தன் தொறந்து பாக்கோணுமில்ல? இந்தியிலயே எழுது” என்றார். எழுதினேன். ரப்பர்க் குழாயை மாற்றிய செய்தியையும் சேர்த்து எழுதச் சொன்னார். அதற்குள் பெயின்ட் தீர்ந்துவிட்டது. மீதியை மார்க்கர்ப் பேனாவால் எழுதி முடித்தேன்.